பொட்டு அழியாத புல்லி

அத்தியாயம் 6

“அந்த மெஷின ஓட்டிக் காட்டுங்க.”

நான் சொல்லி முடித்ததும் பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவன் முகமூடியைத் தூக்கிப் பார்த்தான். பெருக்கிக்கொண்டிருந்த செல்லாயி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“முடிஞ்சுது,” என்றார் என் பக்கத்தில் நின்ற சபாபதி. “வண்டிய ஸ்டார்ட்லயே வெச்சிருக்கட்டுமா மேடம்?”

சிதம்பரத்தில் எங்கள் துப்பறியும் ஆபீஸை நடத்தும் கண்ணாயிரம் சார், நாங்கள் கிளம்பும்போதே சொல்லியிருந்தார். “என்ன வேணும்னாலும் கேளு ரேகா. உயிர் குடிச்ச மெஷின ஓட்டிக் காட்டுன்னு மட்டும் எந்தக் காலத்துலயும் கேட்டுடாத.” ஏன் என்று சொல்லவில்லை. காரணம் சொல்லாத கட்டளை எனக்கு ஆகாது. வாசல்ல நிக்காத, சத்தமாச் சிரிக்காத, டவுனு காலேஜ் வேணாம் என்று காரணம் சொல்லாமலே வளர்த்தார்கள். அதையெல்லாம் மீறித்தான் மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்பு லோடு ஏற்றுகிறவரின் மகள் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தாள். கட்டளையை மீறினால் நல்லதுதான் நடக்கும் என்பது அதுவரைக்கும் என் அனுபவம்.

பட்டறை முதலாளி திருநாவுக்கரசு கோபப்படவில்லை. வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, பேச்சு மெத்தென்று இருந்தது.

“ஓட்டலாம்மா. படிச்ச புள்ள கேக்குது, ஓட்டாம எப்பிடி? ஆனா உயிர் போன மெஷினு பாருங்க. சும்மா சுவிட்சத் தட்டிட முடியாது. அதுக்குன்னு ஒரு முறை இருக்குது.”

“முறையெல்லாம் எனக்குத் தேவையில்ல சார். வேகம் எவ்வளவுன்னு தெரியணும், அவ்வளவுதான்.” படித்த கல்லூரியின் லேபிலிருந்து இரவல் வாங்கி வந்த டேக்கோமீட்டரை எடுத்துக் காட்டினேன்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. இரண்டாயிரத்து எட்டு ஐப்பசியில் கரண்ட் போவதற்கு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் செல்லாயி மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“பாத்தீங்களா, மெஷினே மாட்டேங்குது,” என்று சிரித்தார் திருநாவுக்கரசு. “இருந்து பாத்துக்கினு இருங்க. ஒரு போன் போட்டுட்டு வந்துடறேன்.”

அவர் வெளியே போனார். நான் மெஷின் பக்கம் திரும்பினேன்.

விஷயம் இதுதான். குடிகாட்டுக்குப் போகிற ரோட்டில் இருக்கும் இந்தப் பட்டறைக்கு வார்ப்பு பம்ப் மூடிகள் வரும். அவற்றின் பிசிறைச் சாணைக்கல்லில் பிடித்துத் தேய்த்து வழவழப்பாக்கி அனுப்புவார்கள். அந்தக் கல்லில் நின்றவர் மணவாளன். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் அவர் மெஷினை ஓட்டினார். புதுக் கல் வெடித்தது. ஒரு துண்டு அவர் நெஞ்சில் இறங்கியது. கல்லை மாட்டியவன் செம்பியன், பட்டறையின் ஃபிட்டர். மாட்டும்போது கல்லைக் கீழே போட்டு விரிசல் விட வைத்தான், தெரிந்தே மாட்டினான், பூஜைக்கு முந்தின நாள் இரண்டு பேருக்கும் கைகலப்பு ஆனதை எல்லாரும் பார்த்தார்கள் என்று திருநாவுக்கரசு புகார் கொடுத்தார். செம்பியன் ரிமாண்டில் இருந்தான். சிதம்பரத்தில் தாய் வீடு இருக்கிற அவன் மனைவி, இடுப்பில் பிள்ளையோடு எங்கள் ஆபீஸ் படியேறி வந்து ஒன்றே ஒன்று சொன்னாள். “அவுரு வாயத் தொறக்க மாட்டறாரு. நீங்களாச்சும் தொறங்க.”

“கல்லுல விரிசல் இருந்துச்சுன்னு போலீஸ் நம்புது,” என்றேன். “கல்லப் பாக்கணும்.”

“கல்லு போலீஸ் சாக்குல இருக்குது. சாக்கு ஸ்டேஷன்ல இருக்குது. ஸ்டேஷன்ல நம்ம மரியாதை எப்பிடி இருக்குதுன்னு உங்களுக்கே தெரியும்,” என்றார் சபாபதி. அவர் எங்களிடம் சேர்வதற்கு முன் மினி பஸ்ஸில் கண்டக்டர். வாயால் அந்த வேலை போனது. அதே வாயை நம்பித்தான் கண்ணாயிரம் சார் வேலை கொடுத்தார்.

“போலீஸ் எங்க தேடியிருப்பாங்க?”

“குனிஞ்சு தேடியிருப்பாங்க. கீழ விழுந்ததப் பொறுக்கற பழக்கந்தான் அவுங்களுக்கு.”

சொல்லிவிட்டு அவரே மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். கூரை ஓட்டுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில், தர்பூசணிக் கீற்று அளவுக்கு ஒன்று சொருகிக்கொண்டு நின்றது.

சபாபதி டிரம் மேல் ஏறி, டிரம் மேல் ஒரு ஸ்டூலைப் போட்டு, வழியெல்லாம் என் தலைமுறையைத் திட்டிக்கொண்டே அதை இறக்கினார். கல் துண்டுதான். பக்கவாட்டில் சந்தனம் காய்ந்திருந்தது. அதன் மேல் குங்குமம். பாதிப் பொட்டு. மீதிப் பாதி வேறு துண்டோடு போயிருந்தது.

“செல்லாயி அக்கா, இது நீங்க வெச்ச பொட்டா?”

“நான்தாம்மா. எனக்கு மட்டுந்தான் அந்தக் கை. மஞ்சத் தண்ணி தெளிச்சு, சந்தனத்தக் கொழப்பி, கல்லுக்கு நாலு பக்கமும் வெப்பேன். ஒண்ணு விட்டாலும் மொதலாளி கத்துவாரு.”

உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பினேன். ஒரே சாம்பல் நிறம். மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை. விளிம்பு வரைக்கும் சந்தனம். விளிம்பைத் தாண்டி உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

“அண்ணே, வெரல்ல வெட்டுக்காயம் இருக்கும்போது குங்குமத்தத் தொட்டா என்ன ஆகும்?”

“எரியும். உள்ள போயிடுமில்ல.”

“விரிசல் விட்ட கல்லு மேல மஞ்சத் தண்ணி தெளிச்சு, தண்ணியாட்டம் சந்தனத்த அப்புனா?”

சபாபதி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உள்ள போயிருக்கணும். போவல. அப்போ பூஜை அன்னிக்கு கல்லு முழுசா இருந்துருக்குது. செம்பியன் போட்டும் ஒடைக்கல, ஒண்ணும் ஒடைக்கல.” பிறகு முகத்தைச் சுளித்தார். “சரி மேடம். முழுசா இருந்த கல்லு எதுக்கு வெடிக்கணும்?”

அதற்கான பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

“உங்க மினி பஸ் வளைவுல திரும்பும்போது படியில நிக்கறவன் என்னா ஆவான்?”

“வெளிய தொங்குவான். கம்பிய உட்டான்னா வயல்ல கெடப்பான்.”

“வண்டி ரெண்டு மடங்கு வேகத்துல திரும்புனா?”

“டிரைவர மாத்துவோம்.”

“அவன் கை கம்பிய நாலு மடங்கு இழுக்கணும். வேகம் ரெண்டானா இழுப்பு நாலு. சுத்தற கல்லும் அப்பிடித்தான். ஒவ்வொரு பொடியும் பக்கத்துப் பொடியக் கையால புடிச்சிக்கினு வளைவுல தொங்குது. அளவுக்கு மேல சுத்துனா கை உட்டுப் போயிடும். விரிசலே தேவையில்ல.”

மெஷின் பழைய காலத்து மாதிரி. ஒரு மோட்டார். அதிலிருந்து பட்டை பெல்ட் கிளம்பி, கல் மாட்டும் தண்டின் புல்லிச் சக்கரத்துக்குப் போகும். அந்தப் புல்லி படிக்கட்டு மாதிரி மூன்று அளவில் இருந்தது: பெரியது, நடுத்தரம், சின்னது. பெல்ட் பெரிய படியில் கிடந்தால் கல் மெதுவாகச் சுற்றும். சின்னப் படியில் கிடந்தால் வேகம் ஏறும்.

“எதுக்கு மூணு?” என்றார் சபாபதி.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லாயி சொன்னாள், எல்லா ஊருக்கும் தெரிந்த விஷயம் போல. “கல்லு தேய தேயச் சின்னதாப் போயிடும்மா. சின்னக் கல்லு வெட்டாது. அப்போ பெல்ட்ட சின்னப் படிக்கு ஏத்துவாங்க. வேகம் வந்துடும். மொதலாளி தேஞ்ச கல்ல சீக்கிரம் மாத்த மாட்டாரு, மாசக் கணக்கா சின்னப் படியிலதான் ஓடும். புதுக் கல்லு போட்டா மறுபடியும் பெரிய படிக்கு எறக்கணும்.”

“பூஜை அன்னிக்கு?”

“பெல்ட்டயே கழட்டிடுவோம். அன்னிக்கு எதுவும் சுத்தக் கூடாதில்ல. சுருட்டி சாமி படத்துக்கு முன்னால வெச்சிட்டு, புல்லிக்கெல்லாம் படிக்குப் படி பொட்டு வெப்பேன். மறுநாளு எடுத்து மாட்டுவாங்க.”

இப்போது பெல்ட் பெரிய படியில் கிடந்தது. புதுக் கல்லுக்குச் சரியான இடம். இந்த வேகத்தில் கல் வெடிக்கவே கூடாது. என் கணக்கு அந்த இடத்தில் முறிந்தது. எரிச்சலில் பெல்ட்டைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளினேன்.

“மேடம்,” என்றார் சபாபதி. அந்தக் குரலில் கிண்டல் இல்லை. அவரிடம் அப்படிக் கேட்பது அபூர்வம்.

பெல்ட் கிடந்த பெரிய படியில், அதன் அடியில், முழுப் பொட்டு இருந்தது. காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். ஓரம்கூட உதிரவில்லை.

சின்னப் படியைப் பார்த்தேன். அங்கே பொட்டு இல்லை. படியைச் சுற்றி ஒரே சிவப்பு வளையம். ஓடுகிற பெல்ட் தேய்த்து இழுத்த வளையம்.

“பெரிய படியில பெல்ட் ஓடியிருந்தா இந்தப் பொட்டு அழிஞ்சிருக்கும்,” என்றேன். “ஓடுனது சின்னப் படியில. மணவாளன் செத்ததுக்கு அப்புறம் யாரோ பெல்ட்ட எடுத்து இங்க போட்டிருக்காங்க.”

துப்பட்டா ஓரத்திலிருந்து நூலை உருவினேன். பொட்டைத் தொடாமல் பெரிய படியைச் சுற்றி அளந்தேன், பிறகு சின்னதை. பெரியது சின்னதைப் போல ஒன்றரை மடங்கு. ஆக, ஒன்றரை மடங்கு வேகம். இழுப்பு இரண்டேகால் மடங்கு. புது, பெரிய, நல்ல கல் அதைத் தாங்கவில்லை.

“போட்டோ எடுங்க அண்ணே.”

சபாபதி தன் சைனா செட் போனை எடுத்தார். நாலு ஸ்பீக்கர், ஒரு டார்ச், ஒரு கேமரா. திரையில் வெள்ளை வட்டம் சுற்றி, அணைந்தது. “நைட்டெல்லாம் கரண்ட் இல்ல மேடம். சார்ஜ் எங்க போட்டேன்?”

என் போனில் பாம்பு விளையாட்டு மட்டும்தான் உண்டு.

“என்னம்மா பாக்கறீங்க அவ்ளோ கிட்ட?”

திருநாவுக்கரசு எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. நான் பெல்ட்டை விட்டேன்.

“ஒண்ணுமில்ல சார்,” என்றார் சபாபதி. “கட்டிக்கப் போற பொண்ணு நெத்தியிலகூட இவ்ளோ அம்சமா பொட்டு பாத்ததில்ல. உங்க புல்லிக்கு என்னா கொடுப்பினை!”

திருநாவுக்கரசு சிரித்தார். புல்லியைப் பார்த்தார். மறுபடியும் சிரித்தார்.

“எங்க செல்லாயி கை அப்பிடி,” என்றார்.

*

செம்பியனை அன்று மதியம் ரிமாண்ட் நீட்டிப்புக்காக மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வேப்ப மரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வேனிலிருந்து அவன் இறங்கியதும் அவள் எழுந்து, குனிந்து, இரண்டு கையிலும் மண்ணை வாரித் தூற்றினாள்.

“அக்கா அக்கான்னு சோறு தின்னியேடா! மாமான்னு கூப்ட்ட வாயால அவரு உயிரக் குடிச்சியேடா!”

மணவாளனின் மனைவி கொளஞ்சியம்மாள். நெற்றி வெறுமையாக இருந்தது. செம்பியன் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. கண்ணில் விழுந்த மண்ணோடு அப்படியே நின்றான்.

காவலுக்கு வந்த கான்ஸ்டபிளிடம் சபாபதி போய், பண்ருட்டி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்க ஆரம்பித்தார். அந்தக் கேள்வியிலிருந்து பலாப்பழத்துக்குப் போய், அங்கிருந்து கான்ஸ்டபிளின் மாமியார் ஊரான காடாம்புலியூருக்குப் போய்விட்டார். எனக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது.

“உங்க வீட்டுக்காரம்மா அனுப்புனாங்க,” என்றேன். “கல்லுல விரிசல் இல்ல. எனக்குத் தெரியும்.”

செம்பியன் தரையைப் பார்த்தான்.

“பெல்ட்டு சின்னப் படியில ஓடுனது. அதுவும் தெரியும். அப்புறமா அத பெரிய படிக்கு மாத்துனது யாரு?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். பார்வை என்னைத் தாண்டி வேப்ப மரத்துக்குப் போனது. கொளஞ்சியம்மாள் காதில் விழாத தூரம்தானா என்று பார்த்தான்.

“நான்தான்.”

நான் எதிர்பார்த்தது முதலாளியின் பெயரை.

“என்னாத்துக்கு?”

“பெல்ட்ட மாட்டுனது மாமாதாங்க. பூஜைக்கு மொத நாளே சொன்னேன். மாமா, கல்லு புதுசு, நாளன்னிக்கு பெரிய படியில போடு, மறந்துடாதன்னு. எனக்கே பாடம் எடுக்கறியாடான்னு சட்டையப் புடிச்சாரு. அதத்தான் கைகலப்புங்கறாங்க.” மூச்சு விட்டான். “மறுநாளு வந்தாரு. சாமி படத்துக்கு முன்னாலேந்து பெல்ட்ட எடுத்தாரு. யார்கிட்டயோ சிரிச்சுப் பேசிக்கினே மாட்டுனாரு. கை பழகுன எடத்துக்குப் போயிடுச்சுங்க. எத்தினி மாசமா சின்னப் படி! நான் லேத்துகிட்ட இருந்தேன். பாத்தேன். கத்துனேன். மெஷின் சத்தத்துல கேக்கல.”

“அப்புறம்?”

“வெடிச்சதும் மொதலாளி ஓடியாந்தாரு. மாமாவப் பாக்கல. புல்லியப் பாத்தாரு. ‘பெல்ட்ட அவனே போட்டுக்கிட்டான், அவனே செத்தான், அவன் குடும்பத்துக்கு நான் எதுக்கு அழுவணும்’னாரு. எல்லாரும் மாமாவத் தூக்கிக்கிட்டு வேனுக்கு ஓடுனாங்க. நான் மோட்டார நகத்தி, பெல்ட்ட எடுத்து பெரிய படியில போட்டேன். இப்போ சொல்லட்டும் மாமா தப்புன்னு.”

“பெல்ட்டு சரின்னா தப்பு கல்லுல. அதான் உங்க மேல திருப்பிட்டாரு.”

“திருப்பட்டும். ஸ்டேஷனுக்கு வந்து தனியாச் சொன்னாரு. நீ வாய மூடிக்கினு இரு, கொளஞ்சிக்குக் கெடைக்கறது கெடைக்கும், பட்டறையிலயே வேலையும் போட்டுத் தரேன். பெல்ட்டுப் பேச்ச எடுத்தீன்னா மணவாளன் தப்புன்னு ஆவும், அவளுக்கு ஒண்ணும் கெடைக்காதுன்னாரு. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க.” அவன் குரல் இறங்கியது. “நீங்க சொல்லக் கூடாது. என் புள்ள மேல சத்தியம்.”

“உங்க புள்ளைக்கு யாரு இருக்கா?”

அவன் பதில் சொல்வதற்குள் கான்ஸ்டபிளுக்குக் காடாம்புலியூர் தீர்ந்துவிட்டது.

வேன் போன பிறகு கொளஞ்சியம்மாள் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் போனேன். பாதி வழியில் நின்றேன். என்னவென்று சொல்வது? அவள் மண் தூற்றியது தப்பான ஆள் மேல் என்றா? சரியான ஆள் அவள் புருஷனின் கை என்றா? திரும்பி வந்துவிட்டேன். அவ்வளவு தைரியம்தான் என்னிடம் இருந்தது.

*

மறுநாள் காலை சிதம்பரம் ஆபீஸில் எல்லாவற்றையும் கொட்டினேன். கண்ணாயிரம் சாருக்கு ஒரு கண்ணில் புரை. அந்தக் கண்ணை மூடிக்கொண்டு மற்றதால் என்னையே பார்த்தபடி கேட்டார். ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர். கேட்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது.

“சொன்னா கொளஞ்சியம்மாளுக்கு நஷ்டம். சொல்லலைன்னா செம்பியன் உள்ள. நான் என்னா சார் பண்றது?”

“கொளஞ்சியம்மாளுக்கு என்னா நஷ்டம்?” என்றார்.

“தப்பு புருஷன் மேல ஆயிடுமே. நஷ்டஈடு கெடைக்காதுன்னு...”

“யாரு சொன்னது?”

“மொதலாளி.”

“அதான பாத்தேன். கை காலு காயம்னா தொழிலாளி தப்புன்னு வாதாடலாம். குடிச்சிருந்தான், பாதுகாப்பு மூடியக் கழட்டுனான்னு. சாவுன்னு வந்துட்டா அந்த வாதமே செல்லாது. வேலையில செத்தாரா, குடுத்துத்தான் ஆவணும். அந்தச் சட்டம் ரொம்பப் பழசு. பட்டறை வெச்சிருக்கற ஒவ்வொருத்தனுக்கும் தெரியும்.”

சபாபதி உட்கார்ந்திருந்த நாற்காலி கிறீச்சிட்டது. “அப்போ செம்பியன் எதுக்கு உள்ள கெடக்கறான்?”

“சும்மா,” என்றார் கண்ணாயிரம் சார். “தேஞ்ச கல்ல மாத்தாம சின்னப் படியில ஓட்டுங்கடான்னு மாசக் கணக்கா சொன்னது மொதலாளி. அது வெளிய வந்தா உள்ள போறது அவரு. அதுக்குப் பதிலா ஒரு ஆளு, தானாவே வாய மூடிக்கினு, பெருமையா உள்ள போனா அவருக்குக் கசக்குதா?”

இயற்பியலில் எது எதை எவ்வளவு இழுக்கும் என்று நூலை வைத்து அளந்தேன். ஒரு பொய் ஒருவனை எவ்வளவு இழுக்கும் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. செம்பியனுக்குச் சட்டம் தெரியாது. எனக்கும் தெரியாது. பட்டம் வாங்கி என்ன?

“பரவாயில்ல சார்,” என்றேன். “புல்லி இருக்குது. பெரிய படியில முழுப் பொட்டு, சின்னப் படியில வளையம். போலீஸக் கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டிட்டா...”

“ரேகா.” அவர் மூடியிருந்த கண்ணையும் திறந்தார். “மெஷின ஓட்டிக் காட்டச் சொன்னியா?”

நான் தலையைக் குனியவில்லை. “சொன்னேன்.”

மேஜை மேலிருந்த சபாபதியின் சைனா செட், ராத்திரி சார்ஜ் ஏறிய தெம்பில் கத்தியது. சபாபதி எடுத்தார். நாலு ஸ்பீக்கரிலும் திருநாவுக்கரசின் குரல் வந்தது.

“தம்பி, அந்தப் படிச்ச பொண்ணு பக்கத்துல இருக்குதா? நேத்து கேட்டுச்சே, மெஷின் ரெடின்னு சொல்லுங்க. உயிர் போன மெஷின முறை செய்யாம ஓட்டக் கூடாதில்ல? ஐயரு வந்து பூசணிக்கா ஒடச்சு, மஞ்சத் தண்ணி விட்டு, நல்லா தேச்சுக் கழுவியாச்சு. புல்லிக்கெல்லாம் புது பெயின்ட்டே அடிச்சுட்டோம். இந்தா, ஓடுது, கேக்குதா?”

கேட்டது. சீரான, மெதுவான சத்தம். பெரிய படியின் வேகம்.

“எப்போ வேணும்னாலும் வந்து அளந்துக்கச் சொல்லுங்க,” என்றார். “போலீஸ்லயும் சொல்லிட்டேன். உங்க ஆபீஸ்லேந்து கேட்டதாலதான் கழுவுனோம்னு.”

போன் அடங்கிய பிறகும் அந்தச் சத்தம் அறைக்குள் இருந்த மாதிரி இருந்தது.

“எனக்கும் இதேதான் நடந்துச்சு,” என்றார் கண்ணாயிரம் சார் மெதுவாக. “நெய்வேலிப் பக்கம் ஒரு நெல்லு மெஷின். ஓட்டுடான்னேன். கழுவிட்டு ஓட்டுனான். சாமி பேரச் சொல்லிக் கழுவுனா யாரு தடுக்கறது?”

“அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்!” கத்திவிட்டேன். “கேட்காதன்னீங்க. ஏன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டேன்!”

கேட்டது நான். கழுவ வைத்தது என் வாய். சபாபதி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் அந்தப் பொட்டப் பத்தி ஜோக் அடிச்சேன்,” என்றார். “அவன் பாட்டுக்குப் போயிருப்பான். நானே காட்டிக் குடுத்துட்டேன்.”

பையிலிருந்து கல் துண்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன். பாதிப் பொட்டு. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது.

“இது இருக்குது சார்.”

“இது எங்கேந்து வந்துச்சுன்னு யாரு சொல்லுவா?”

“செல்லாயி அக்கா...”

“அவ அவன்கிட்ட சம்பளம் வாங்கறவ. நாளைக்கே பொட்டு நான் வெக்கலைம்பா. அவளத் தப்பு சொல்லவும் முடியாது. கூரையிலேந்து எடுத்தேன், புல்லியில பொட்டப் பாத்தேன்னு கூண்டுல ஏறி நீதான் சொல்லணும். நம்ம ஆபீஸ் ஆளுங்க கூண்டுல ஏறறதில்ல ரேகா. ஒரு தடவ ஏறிட்டா அப்புறம் நமக்கு எவனும் கதவத் தொறக்க மாட்டான். அது என் தொழிலு.” நிறுத்தினார். “காரணத்தோட சொல்லிட்டேன், பாத்துக்க.”

காரணம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

“ஏறுனாலும் என்னா ஆவும் மேடம்?” என்றார் சபாபதி. “வக்கீலு எழுந்து, உன் ஆபீஸ்தான மெஷினக் கழுவச் சொன்னுச்சுன்னு கேப்பான். செம்பியனே இல்லன்னு சொல்லுவான். அந்தம்மா உங்க மேலயும் மண்ணு வாரித் தூத்தும்.”

“தூத்தட்டும்.”

“ஜெயிக்க மாட்டோம்.”

“தெரியும்.”

தெரிந்துதான் இருந்தது. ஆனால் நேற்று பாதி வழியில் நின்றது எனக்கு ராத்திரி முழுக்க உறுத்தியது. முதலில் குடிகாடு. கொளஞ்சியம்மாள் வீட்டு வாசலில் நின்று, உன் புருஷன் கைதான் அந்தப் பெல்ட்டைப் போட்டது, அப்படிப் பழக்கியது இன்னாருடைய உத்தரவு, உனக்குச் சேர வேண்டியதை அந்தக் கை பறிக்காது, உனக்காக வாயை மூடிக்கொண்டு ஒருத்தன் உள்ளே இருக்கிறான் என்று சொல்ல வேண்டும். அவள் அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு மஞ்சக்குப்பம். பிறகு கூண்டு. செம்பியன் கேட்ட சத்தியத்தை நான் செய்யவில்லை. அவன் செய்யச் சொன்னான், நான் வாய் திறக்கவில்லை. இப்போது அது உதவியது.

கழுத்திலிருந்த ஆபீஸ் அட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன்.

“இப்ப நான் உங்க ஆளு இல்ல சார். உங்களுக்கு எவனும் கதவச் சாத்த மாட்டான்.”

“உக்காரு ரேகா,” என்றார் கண்ணாயிரம் சார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கஷ்டமாக இருந்தது.

கல் துண்டைத் துப்பட்டாவில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். பொட்டு உரசிவிடக் கூடாது என்று அந்தப் பக்கத்தை மேலாகத் திருப்பி வைத்தேன். பை கனத்தது.

“மேடம்,” என்றார் சபாபதி. “கடலூர் வண்டி இந்நேரம் ஃபுல்லா இருக்கும். படியிலதான் நிக்கணும். வளைவுல கெட்டியாப் புடிச்சுக்கணும்.”

அவர் எழுந்துகொண்டே அதைச் சொன்னாரா, உட்கார்ந்தபடி சொன்னாரா என்று நான் பார்க்கவில்லை. கதவைத் திறந்து கீழே இறங்கத் தொடங்கினேன். பின்னால் செருப்புச் சத்தம் வருகிறதா என்று நின்று கேட்கவும் இல்லை.